ஒருவருக்கு உடனே ஆபரேஷன், இன்னொருவருக்கு ஆறு மாதம் கழித்து எக்கோ: வால்வு நோய்கள் ஏன் இப்படி வேறுபடுகின்றன?

கேள்வி இதுதான். 72 வயது அப்பாவுக்கு அயோர்டிக் வால்வு கடுமையாகச் சுருங்கியிருக்கிறது. மாடி ஏறினால் தலை சுற்றுகிறது. வால்வை மாற்றியாக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். 44 வயது அக்காவுக்கு மைட்ரல் வால்வில் கடுமையான கசிவு, ஆனால் எந்தத் தொந்தரவும் இல்லை. அவருக்கு மாத்திரைகூடக் கொடுக்காமல், ஆறு மாதம் கழித்து எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு ரிப்போர்ட்டிலும் 'கடுமையானது' என்றுதானே இருக்கிறது, யாராவது ஒருவர் தவறாகச் சொல்கிறாரா?

இரண்டுமே சரியான ஆலோசனையாக இருக்க முடியும். 'கடுமையானது' என்ற சொல் வால்வைப் பற்றியது. எப்போது கை வைக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது வால்வு மட்டுமல்ல, அதற்குப் பின்னால் இருந்து சுமையைத் தாங்கும் இதய அறையும்தான். எந்த வால்வு, சுருக்கமா கசிவா, எந்த அறை அடி வாங்குகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் நோய் புரியும்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதயத்தில் நான்கு வால்வுகள். நான்கும் ரத்தத்தை முன்னோக்கி மட்டும் விடும் ஒருவழிக் கதவுகள். வலது மேலறைக்கும் வலது கீழறைக்கும் நடுவே ட்ரைகஸ்பிட், வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குப் போகும் வழியில் பல்மோனரி, இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே மைட்ரல், இடது கீழறையிலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் பெருந்தமனியின் வாசலில் அயோர்டிக். ஒரு வால்வு இரண்டே விதத்தில்தான் கெட முடியும்: முழுதாகத் திறக்காமல் சுருங்கலாம், அல்லது முழுதாக மூடாமல் கசியலாம். சில சமயம் ஒரே வால்வில் இரண்டும் இருக்கும்.

இந்த இரண்டும் இதயத்துக்குக் கொடுக்கும் சுமை வேறு வேறு. சுருக்கம் என்றால் அழுத்தச் சுமை. குறுகிய வழியில் ரத்தத்தைத் தள்ள வேண்டியிருப்பதால் பின்னால் உள்ள அறையில் அழுத்தம் ஏறுகிறது. அது கீழறையாக இருந்தால் சுவர் தடித்துக்கொண்டே போகும். கசிவு என்றால் கொள்ளளவுச் சுமை. அனுப்பிய ரத்தத்தில் ஒரு பகுதி திரும்பி வருவதால், வழக்கமான ரத்தத்தோடு அதையும் சேர்த்துக் கையாள அறை விரிந்துகொண்டே போகும். தடித்த இதயம் ஒரு மாதிரி தோற்கும், விரிந்த இதயம் வேறு மாதிரி தோற்கும். உங்கள் அப்பாவுக்கும் அக்காவுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் அப்பாவின் விஷயம். வயதானவர்களுக்கு அயோர்டிக் வால்வு சுருங்க முக்கியக் காரணம், வால்வின் இதழ்களில் பல வருடங்களாகக் கால்சியம் படிந்து அவை விறைத்துப்போவது. பிறவியிலேயே மூன்று இதழ்களுக்குப் பதில் இரண்டு இதழ்களோடு இருக்கும் வால்வு, நூறு பேரில் ஒருவர் இருவருக்கு உண்டு. அவர்களுக்கு இதே சுருக்கம் பத்து இருபது வருடம் முன்னாலேயே வந்துவிடும். ஆரோக்கியமான அயோர்டிக் வால்வு 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும். அது 1 சதுர சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடுமையான சுருக்கம். எக்கோவில் ரத்தம் பாயும் வேகம் வினாடிக்கு 4 மீட்டரைத் தாண்டும், வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள சராசரி அழுத்த வித்தியாசம் 40 மி.மீ. பாதரசம் அல்லது அதற்கு மேல் இருக்கும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கையில் பட்டை கட்டிப் பார்க்கும்போது பி.பி. 130 என்று சாதாரணமாக இருக்கும். வால்வில் 60 அளவுக்கு அழுத்தம் விழுந்தால், உள்ளே இடது கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் 190 வரை அழுத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பி.பி. மெஷினுக்கு அது தெரியாது. தசை தடித்து வருடக்கணக்கில் இதைச் சமாளிக்கும். அந்தக் காலம் முழுவதும் ஆளுக்கு ஒன்றும் தெரியாது.

சமாளிக்க முடியாத நிலை வரும்போது மூன்று அறிகுறிகள் வருகின்றன. உழைத்தால் நெஞ்சுவலி. இதயத்தின் ரத்தக்குழாய்களில் அடைப்பே இல்லாவிட்டாலும் இது வரலாம், தடித்த தசைக்குத் தேவையான ரத்தம் போதவில்லை என்பதுதான் காரணம். அடுத்து, உழைக்கும்போது தலைசுற்றல் அல்லது மயக்கம். நடக்கும்போது கால் தசைகளின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, அதற்கு ஈடாக இதயம் கூடுதல் ரத்தம் அனுப்ப வேண்டும், சுருங்கிய வால்வு விடுவதில்லை, மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. மூன்றாவது மூச்சிரைப்பு. ஜான் ராஸும் யூஜின் பிரான்வால்டும் 1968இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: வால்வை மாற்றாமல் விட்டால், நெஞ்சுவலி தொடங்கியபின் சராசரியாக 5 வருடம், மயக்கம் தொடங்கியபின் 3 வருடம், இதயம் தளர்ந்து மூச்சிரைப்பு வந்தபின் 2 வருடம்தான் வாழ்வு. அறிகுறி இல்லாத நீண்ட காலம், அது வந்தபின் செங்குத்தான சரிவு. அப்பாவுக்கு மாடி ஏறும்போது வரும் தலைசுற்றல் அந்தச் சரிவின் தொடக்கம். தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொன்னது அதனால்தான்.

மாத்திரையால் இந்தச் சுருக்கம் குறையாது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் இதன் வேகத்தைத் தணிக்குமா என்று பெரிய ஆய்வுகள் செய்து பார்த்தார்கள், பலன் இல்லை. வால்வை மாற்றுவதுதான் வழி. நெஞ்சைத் திறந்து மாற்றலாம். அல்லது தொடை வழியாகக் குழாய் செலுத்தி, பழைய வால்வுக்கு உள்ளேயே புதிய வால்வை விரித்து வைக்கலாம். டாவி என்று சொல்லும் இந்த முறையை மனிதரிடம் முதன்முதலில் செய்தவர் பிரான்ஸில் ரூவான் நகரத்தின் அலென் கிரிபியே, வருடம் 2002. பொதுவாக 65 வயதுக்குக் கீழே என்றால் ஆபரேஷன் பக்கமும், 80க்கு மேலே என்றால் டாவி பக்கமும் சாய்வார்கள். அப்பா நடுவில் இருக்கிறார். வால்வின் அமைப்பு, தொடை ரத்தக்குழாயின் அகலம், வேறு நோய்கள், கூடவே பைபாஸ் தேவையா என்பதையெல்லாம் சி.டி., ஆஞ்சியோ பார்த்து முடிவு செய்வார்கள். டாவிக்குப் பிறகு சிலருக்குப் பேஸ்மேக்கர் தேவைப்படலாம், ஏனென்றால் இதயத்தின் மின்கம்பிப் பாதை அந்த வால்வை ஒட்டியே ஓடுகிறது. அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. அயோர்டிக் சுருக்கம் உள்ள பெரியவர்கள் பலர் 'எனக்கு ஒன்றும் இல்லை' என்பார்கள். உண்மையில் அவர்கள் மாடி ஏறுவதையே நிறுத்தியிருப்பார்கள், நடையைப் பாதியாகக் குறைத்திருப்பார்கள், 'வயசாயிடுச்சு' என்று தங்களுக்கே சொல்லியிருப்பார்கள். எனவே 'தொந்தரவு இருக்கிறதா' என்று கேட்காதீர்கள். போன வருடம் செய்த எதை இந்த வருடம் செய்வதில்லை என்று கேளுங்கள்.

அதே வால்வு கசிந்தால் கதை வேறு. இடது கீழறை பெருந்தமனிக்குள் அனுப்பிய ரத்தம், அறை ஓய்வெடுக்கும் நேரத்தில் திரும்பி உள்ளே விழுகிறது. அறை விரிகிறது. விரிந்த அறை ஒவ்வொரு துடிப்பிலும் அதிகமான ரத்தத்தை வெளியே வீசுகிறது, அதில் ஒரு பங்கு உடனே திரும்புகிறது. அதனால் பி.பி. 160/50 என்கிற மாதிரி மேலே உயர்ந்தும் கீழே தாழ்ந்தும் நிற்கும். நாடி துள்ளும், கழுத்தில் துடிப்பு கண்ணுக்கே தெரியும், இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் நெஞ்சு அடிப்பது தொந்தரவாக இருக்கும். வால்வின் இதழ் சரியாக இருந்து, பெருந்தமனியின் அடிப்பகுதி விரிந்துபோவதாலும் இந்தக் கசிவு வரலாம். மார்ஃபன் என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கும், இரண்டு இதழ் வால்வு உள்ளவர்களுக்கும் பெருந்தமனியின் அளவைத் தனியாகக் கண்காணிக்க வேண்டியது இதனால்தான். இந்தக் கசிவை இதயம் பல வருடம் சத்தமில்லாமல் தாங்கும். ஆனால் திடீரென வந்தால், அதாவது வால்வில் கிருமித்தொற்று ஏற்பட்டோ பெருந்தமனியின் உள்சுவர் கிழிந்தோ வந்தால், அறைக்கு விரிய அவகாசமே இருக்காது. சில மணி நேரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அது அவசர ஆபரேஷன்.

மைட்ரல் சுருக்கத்துக்கு வருவோம். உலகம் முழுக்கப் பார்த்தாலும் இதற்கு முதன்மைக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல்தான். சிறுவயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டை வலி வருகிறது. அதை எதிர்க்கும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி குழம்பிப்போய் மூட்டுகளையும் இதயத்தையும் தாக்குகிறது. மூட்டுவலி போய்விடும், வால்வில் தழும்பு தங்கிவிடும். வருடங்கள் செல்லச் செல்ல இதழ்களின் ஓரங்கள் ஒட்டிக்கொண்டு, 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய வால்வு 1.5க்குக் கீழே போகிறது. பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

இந்த நோயில் இடது கீழறைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அடி வாங்குவது இடது மேலறை, அதற்குப் பின்னால் நுரையீரல், அதற்கும் பின்னால் வலது பக்க இதயம். அதனால் அறிகுறிகள் நுரையீரல் நோய் மாதிரியே இருக்கும்: மூச்சிரைப்பு, இருமல், இரவில் எழுந்து உட்காரவைக்கும் மூச்சுத்திணறல், சிலருக்குச் சளியில் ரத்தம். ஆஸ்துமா என்று நினைத்து வருடக்கணக்கில் இன்ஹேலர் இழுப்பவர்களும் உண்டு. இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்கிறதோ, அவ்வளவு குறைந்த நேரம்தான் மைட்ரல் வால்வு திறந்திருக்கும். எனவே காய்ச்சல், கர்ப்பம், படபடப்பு என எது இதயத்தை விரட்டினாலும் நிலைமை சட்டென்று மோசமாகும். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவே ஏறக்குறைய பாதி கூடிவிடுவதால், இப்படி ஒரு நோய் இருப்பதே அப்போதுதான் பல பெண்களுக்குத் தெரியவருகிறது. துடிப்பைக் குறைக்கும் மருந்து இவர்களுக்கு நிம்மதி தரும். கடுமையான அயோர்டிக் கசிவில் இதற்கு நேர்மாறு: துடிப்பு மெதுவானால் ரத்தம் திரும்பி விழக் கூடுதல் நேரம் கிடைக்கும். ஒருவருக்குப் பலன் தந்த மாத்திரையை இன்னொருவர் 'எனக்கும் வால்வு ப்ராப்ளம்தான்' என்று வாங்கிப் போடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

மைட்ரல் சுருக்கத்தின் இன்னொரு ஆபத்து பக்கவாதம். விரிந்த இடது மேலறை சீராகத் துடிக்காமல் நடுங்கத் தொடங்கும், இதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். தேங்கிய ரத்தம் அங்கே உறைந்து, ஒரு துண்டு மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். வால்வு நோய் இருப்பதே தெரியாமல், பக்கவாதத்தோடு முதன்முதலில் ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இவர்களுக்குக் கட்டாயம், அதிலும் பழைய வார்ஃபரின் வகைதான். புதிய மருந்தான ரிவராக்சபானை இதோடு ஒப்பிட்ட இன்விக்டஸ் ஆய்வு 2022இல் வெளியானபோது, ருமாட்டிக் வால்வு நோயில் பழைய மருந்து எடுத்தவர்கள்தான் நன்றாக இருந்தார்கள். ஒட்டிய இதழ்களை ஜப்பானின் கன்ஜி இனோவே உருவாக்கிய பலூனால் விரித்துவிடும் சிகிச்சை 1980களிலிருந்து நடக்கிறது. மேலறையில் ரத்தக்கட்டி இல்லாமல், கசிவும் அதிகம் இல்லாமல், வால்வு இன்னும் நெகிழ்வாக இருந்தால் நெஞ்சைத் திறக்காமலே பல வருடங்கள் ஓட்டலாம். ருமாட்டிக் காய்ச்சல் ஒருமுறை வந்தவர்களுக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி, நோய் திரும்ப வந்து வால்வை மேலும் கெடுப்பதைத் தடுக்கும். வலிக்கிறது என்று இந்த ஊசியை இடையில் விடுபவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அவ்வளவு எளிய தடுப்பு வேறு எந்த வால்வு நோய்க்கும் கிடையாது.

சரி, அக்காவுக்கு வருவோம். மைட்ரல் கசிவு என்று கேட்டவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கெட்டது வால்வா, இதயத் தசையா? வால்வின் இதழ் தளர்ந்து மேலறைக்குள் பிதுங்குவது, அதைப் பிடித்திருக்கும் நார்களில் ஒன்று அறுந்துபோவது, ருமாட்டிக் தழும்பு, இவையெல்லாம் முதல்நிலைக் கசிவு. மாரடைப்பாலோ தசை நோயாலோ இடது கீழறை விரிந்துபோய், அதனால் இதழ்கள் ஒன்றையொன்று எட்டாமல் கசிந்தால் இரண்டாம்நிலைக் கசிவு. இரண்டாவதில் வால்வு நிரபராதி. முதலில் தசைக்கான மருந்துகளை முழு அளவில் கொடுத்துப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் சிறப்புப் பேஸ்மேக்கர் வைப்பார்கள். அதற்குப் பிறகும் கசிவு நீடித்தால் குழாய் வழியாக இதழ்களைக் கிளிப் போட்டுச் சேர்ப்பதை யோசிப்பார்கள். ரிப்போர்ட்டில் ஒரே வரியாகத் தெரிந்தாலும் இவை இரண்டு தனி நோய்கள்.

அக்காவின் வயதையும், அறிகுறி இல்லை என்பதையும் வைத்துப் பார்த்தால் முதல்நிலைக் கசிவாக இருக்க வாய்ப்பு அதிகம், டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இதில்தான் ஏமாற்றும் எண் ஒன்று இருக்கிறது: இ.எஃப். ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அது. பொதுவாக 55, 60 என்றால் 'ஹார்ட் நன்றாக இருக்கிறது' என்பார்கள். ஆனால் கடுமையான மைட்ரல் கசிவில், தள்ளும் ரத்தத்தில் ஒரு பெரும் பகுதி அழுத்தம் குறைந்த மேலறைக்குள் சுலபமாகத் திரும்பிப் போகிறது. அப்படி எளிய வழி கிடைத்திருக்கும்போது இ.எஃப். 60க்கு மேலேயே இருக்க வேண்டும். 60ஐத் தொட்டாலே தசை தளரத் தொடங்கிவிட்டது என்று பொருள். சுருங்கிய நிலையில் கீழறையின் உள்அளவு 40 மில்லிமீட்டரைத் தொடுவதும் அதே எச்சரிக்கைதான். இரண்டில் ஒன்று வந்தாலும், அறிகுறி இல்லாவிட்டாலும் ஆபரேஷனுக்கு நேரம் வந்துவிட்டது. அயோர்டிக் கசிவில் இதே அளவுகோல்கள் இ.எஃப். 55, உள்அளவு 50 மில்லிமீட்டர் என்று மாறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுக்கச் சொல்வது இந்த எண்கள் நகர்கின்றனவா என்று பார்க்கத்தான். அது அலட்சியம் இல்லை. ஆனால் எக்கோவைத் தவறவிட்டால் அது அலட்சியம்தான், ஏனென்றால் கசிவு நோயில் உடம்பு தாமதமாகத்தான் சொல்லும்.

இன்னொரு கேள்வியையும் அக்கா கேட்க வேண்டும்: என் வால்வைப் பழுது பார்க்க முடியுமா? தளர்ந்த இதழைச் சரிசெய்து, நாரை மாற்றி, வளையம் போட்டு அவருடைய சொந்த வால்வையே காப்பாற்றுவது, மாற்றுவதைவிட நல்லது. வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் தேவைப்படாது, இதயத்தின் வடிவமும் கெடாது. இதில் கைதேர்ந்த சர்ஜன் இருக்கும் இடத்தில், எண்கள் கெடுவதற்கு முன்பே செய்துவிடலாம் என்று சொல்வதும் உண்டு. எனவே யார் செய்கிறார், அவர் எத்தனை பழுதுபார்ப்புகள் செய்கிறார் என்று விசாரிப்பது தவறே இல்லை.

வலது பக்க வால்வுகளைப் பற்றிக் கொஞ்சம் போதும். ட்ரைகஸ்பிட் கசிவு பெரும்பாலும் இன்னொரு நோயின் நிழல்: இடது பக்க வால்வு நோய், நுரையீரல் அழுத்தம், நீண்டநாள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதில் கால் வீக்கம், வயிற்றில் நீர், கல்லீரல் வீங்கி வலப்பக்கம் கனம், கழுத்து நரம்பு புடைப்பு ஆகியவை வரும். பல்மோனரி சுருக்கம் பெரும்பாலும் பிறவியில் வருவது, பலூனாலேயே நன்றாகத் தீரும். குழந்தையில் ஃபாலோட் டெட்ரலஜி என்ற பிறவி இதயக் கோளாறுக்கு ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பெரியவர்களானபின் பல்மோனரி கசிவு வரலாம், ஆகவே அவர்கள் செக்கப்பை விடக்கூடாது. மற்றபடி ரிப்போர்ட்டில் 'மிகச் சிறிய ட்ரைகஸ்பிட் கசிவு' என்று பார்த்துப் பயப்படாதீர்கள். ஆரோக்கியமானவர்கள் பலருக்கும் அது இருக்கும்.

அப்பாவுக்கு வால்வு மாற்றும்போது உலோக வால்வா திசு வால்வா என்ற பேச்சு வரும். உலோகம் நீண்ட காலம் உழைக்கும், ஆனால் ஆயுள் முழுக்க வார்ஃபரின், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை. திசு வால்வு பொதுவாக 10 முதல் 15 வருடம் அல்லது அதற்கு மேலும் தாக்குப்பிடிக்கும், வார்ஃபரின் நெடுநாள் தேவைப்படாது. 72 வயதில் பெரும்பாலும் திசு வால்வுதான், டாவியில் வைப்பதும் திசு வால்வுதான். அதன்பிறகு பல் பிடுங்குவது, ஈறு சுத்தம் செய்வது போன்றவற்றுக்கு முன்னால் அவருக்கு ஒரு ஆன்டிபயாடிக் டோஸ் தேவை, பல் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அக்காவுக்குச் சொந்த வால்வு என்பதால் அந்த டோஸ் தேவையில்லை, ஆனால் பல்லைச் சுத்தமாக வைத்திருப்பது அவருக்கும் முக்கியம்.

அப்பாவுக்கு மயக்கமோ, ஓய்விலேயே மூச்சிரைப்போ வந்தால் ஆபரேஷன் தேதிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அக்காவுக்குப் புதிதாகப் படபடப்பு, படுத்தால் மூச்சு முட்டுவது, வழக்கமான நடையிலேயே இளைப்பு என்று எது தொடங்கினாலும் அடுத்த எக்கோவுக்கு நாள் எண்ணாமல் டாக்டரிடம் காட்டுங்கள். காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரமாக விடாமல் அடித்தால், இரண்டு பேரில் யாராக இருந்தாலும், கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். 'வால்வு நோய் இருக்கிறது' என்று சொல்லி முதலில் ரத்தத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, எடுக்கச் சொல்லுங்கள். மாத்திரை போட்டுவிட்டால் வால்வில் உட்கார்ந்திருக்கும் கிருமி பரிசோதனையில் சிக்காமலே போய்விடும்.